நிமிர்ந்தால் குனிய முடியாது

1

வெலிங்டனில் எந்த உபாதையோடு டாக்டரிடம் போனாலும் முதலில் ஒரு நர்ஸ் எடையும் உயரமும் பார்ப்பார். 2002-ஆம் வருடக் கடைசியில், விடாத இருமல் என்று நான் போனேன். சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னவர் அளவைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு மறுபடியும் நிற்கச் சொன்னார்.

"நீங்கள் குள்ளமாகிக்கொண்டு வருகிறீர்கள்," என்றார்.

எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. நியூசிலாந்துக்கு வந்த புதிதில் இதே இடத்தில் எடுத்த அளவைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தேன். அன்று ஷூவோடு அளந்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் வந்து இருமலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முன்னால் குனியுங்கள், கைகளைத் தொங்கவிடுங்கள்," என்றார்.

குனிந்தேன். அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். என் முதுகெலும்பு நேராக இறங்காமல் வலது பக்கம் போய், பிறகு இடது பக்கம் திரும்பி, ஒரு வழியாக இடுப்புக்கு வந்து சேரும். குனிந்தால் வலது விலா ஒரு மேடு போல மேலே எழும்பும். இதே மாதிரி குனியச் சொல்லி இன்னொரு டாக்டர் இதை ஒருமுறை பார்த்திருக்கிறார்.

2

அது 1989. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம். எனக்குப் பதினைந்து வயது. பாவாடை தாவணிக்கு ரவிக்கை தைத்த டெய்லர் அக்கா, "வலது பக்கம் துணி ஜாஸ்தி புடிக்குதும்மா, இடது பக்கம் கம்மியா இருக்குது, நீங்க ஒரு தபா பாருங்க," என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா பார்த்தாள்.

அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. கடையை ஒரு நாள் சாத்திவிட்டு என்னை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். அம்மாவும் வந்தாள். அங்கே இருந்த பெரிய டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஆபரேஷன் பண்ணிடலாம். கம்பி வச்சு நிமித்திடலாம். வளர்ற வயசுல பண்ணாத்தான் நல்லது," என்றார்.

அப்பா தலையாட்டினார். அம்மாதான் கேட்டாள். "இவ எழுந்து நடப்பாளா சார்?"

"நூத்துல தொண்ணூறு பேர் நடக்கறாங்கம்மா."

"மீதி பத்து பேரு?"

டாக்டர் எக்ஸ்ரேவைக் கவருக்குள் போட்டார். அம்மா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். வேண்டாம் என்று அவள் வாயால் சொல்லவே இல்லை. பஸ்ஸில் அப்பா இரண்டு முறை பேச்சை எடுத்தார். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் தாண்டியதும் அப்பாவும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு என் முதுகு அம்மாவின் பொறுப்பானது. பின்னலை முதுகின் நடுவில் விடாமல் வலது பக்கமாக விட வைத்தாள். இடது தோளில் மெல்லிய பஞ்சுத் திண்டு வைத்து ரவிக்கை தைக்க வைத்தாள். கல்யாண வீடுகளில் என் பின்னாலேயே நடந்து வருவாள், யாருடைய கண்ணும் என் முதுகில் நிற்காதபடி. 'கூன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தம்பி சேகர் ஒரு முறை விளையாட்டாகச் சொன்னதற்கு வாங்கிய அடியை இன்றும் சொல்லிக் காட்டுவான்.

1995-இல் ஆரணியிலிருந்து ரவி பெண் பார்க்க வந்தார். அம்மா எல்லாவற்றையும் மறைத்துத்தான் உட்கார வைத்தாள். நானே தனியாகப் பேசும்போது சொல்லிவிட்டேன். அவர், "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார். அப்போது வலிக்காது. இல்லை என்றேன். இரண்டு வருடத்தில் கைக்குழந்தை தாரிணியோடு நியூசிலாந்து வந்துவிட்டோம்.

3

வலிக்க ஆரம்பித்தது இங்கே வந்து நாலைந்து வருடம் கழித்து. நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாது. வெலிங்டன் முழுக்க மேடும் பள்ளமும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். குளிர் காற்று என்று நினைத்துக்கொண்டேன். இருமலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

இங்கே வலிக்குப் பெயர் கிடைத்ததே எனக்கு ஒரு சௌகரியமாக இருந்தது. ஸ்கோலியோசிஸ். நம் ஊரில் ஒரே சொல்தான், அதைக் கேட்டாலே குறுகிப்போவோம். இங்கே அதை யார் வேண்டுமானாலும் சத்தமாகச் சொன்னார்கள். முதல் முறையாக நானும் சொன்னேன்.

அரசாங்க மருத்துவமனையில் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்வார்கள், ஆனால் வரிசை உண்டு. யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று கேள்வி கேட்டுப் புள்ளி போடுவார்கள். ஒரு பெண் போனில் கேட்டாள். வீட்டு வேலை செய்ய முடிகிறதா? 'மேனேஜ் பண்றேன்' என்றேன். ஷூ போட முடிகிறதா? மேனேஜ் பண்றேன். தூக்கம்? அதுவும் மேனேஜ் பண்றேன். நாம் அப்படித்தானே சொல்வோம்? எத்தனை கஷ்டம் என்றாலும் 'ஏதோ ஓடுது' என்போம். அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள், 'எனக்கு ஒரு குறையும் இல்லை.' ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இப்போதைக்கு உங்களுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்று கருதுகிறோம், உங்கள் நலனுக்கு வாழ்த்துகள்.

ரவிதான் கடிதத்தைப் படித்துவிட்டு, "நீ ராத்திரி எழுந்து சோபால உக்காந்திருக்கறத சொன்னியா?" என்றார். சொல்லவில்லை. அடுத்த முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் சொல்ல வைத்தார். ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் நம் கஷ்டத்தைக் குறைக்காமல் சொல்ல எனக்குப் பெரிய கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு அறுவை நிபுணரைப் பார்த்தோம். நிதானமான மனிதர். "இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். செய்யாவிட்டால் வருடா வருடம் கொஞ்சம் சாயும், நுரையீரலுக்கு இடம் குறையும். செய்தால் அது நிற்கும், ஓரளவு நிமிரும். ஆனால் முதுகு எலும்புகள் ஒன்றாக ஒட்டிவிடும். மேலிருந்து இடுப்புவரை ஒரே கம்பம். கால் மரத்துப்போகும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு," என்றார். கடைசியாக ஒன்று கேட்டார். "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் நிறையக் குனிவீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். அடுப்பு இடுப்பளவில். பாத்திரம் கழுவும் தொட்டி இடுப்பளவில். துணி துவைக்க மிஷின். "இல்லை," என்றேன்.

வீட்டுக்கு வந்து ரவியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "உன் முதுகு, மஞ்சு. நீ சொல்றதுதான்," என்றார். இந்த ஊர்க்காரர்கள் சொல்வது போலவே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யாராவது ஒருவர் அதட்டி, செய் அல்லது செய்யாதே என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. என் முதுகு விஷயத்தில் நான் ஒரு முடிவும் எடுத்ததே இல்லை.

4

2003 டிசம்பர் விடுமுறைக்கு நானும் தாரிணியும் மட்டும் திருவண்ணாமலை வந்தோம். அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. சேகர் வேட்டவலம் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். கீழ்த்தளம் அவனுக்கும் அம்மாவுக்கும். "மேல உனக்குத்தான்க்கா. தாரிணி காலேஜ் முடிச்சதும் வந்துடுங்க, இன்னா இருக்குது அந்தக் குளிர்ல," என்பான். நாங்களும் அதைத்தான் நினைத்திருந்தோம்.

ஆபரேஷன் பேச்சை அம்மாவிடம் எடுக்கக் கூடாது என்று தாரிணியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஏழு வயதுக் குழந்தை. தமிழ் புரியும். பேசும்போது ஆளுக்கும் மாட்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். "பாட்டி வந்துச்சு, பஸ் வந்துச்சு," என்பாள். சேகருக்கு அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பு.

ஒரு நாள் எல்லோரும் வீடு கட்டும் இடத்துக்குப் போயிருந்தோம். தூண்களுக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். தாரிணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாமா, இது எதுக்கு?"

"கான்கிரீட் சாயாம நிக்கணும் இல்ல? அதுக்குத்தான் உள்ள கம்பி."

தாரிணிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அம்மாக்கும் முதுகுல கம்பி கட்டும்! ரெண்டு கம்பி. அப்பறம் ஸ்குரூ. சாயாம நிக்கறதுக்கு."

மேஸ்திரி ஏழுமலை சிரித்துவிட்டார். சேகர் என்னைப் பார்த்தான். அம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு மூடியை ரொம்ப நேரம் திருகிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் வந்து நின்றாள். "இன்னா சொல்லுது உம் பொண்ணு?"

சொன்னேன்.

"அன்னிக்கு வேணாம்னு இட்டுக்கினு வந்தது நானு. இன்னிக்கும் நான்தான் சொல்றேன், வேணாம்."

"அன்னிக்கு வலிக்கலம்மா."

"கல்யாணம் ஆச்சு. கொழந்த பொறந்துது. கண்ணுக்கு லட்சணமா இருக்கற. இன்னும் இன்னாடி வேணும் இந்த முதுகால?"

"மூச்சு வேணும்மா."

அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போது எனக்கு இரண்டு தலையணை எடுத்து வந்து போட்டாள்.

5

மார்கழி. விடியும்போது தெருவெல்லாம் கோலம். சேகரின் மனைவி மாலா மாவுக் கிண்ணத்தோடு இறங்கினாள். நானும் கூடப் போனேன். புள்ளி வைக்கக் குனிந்தபோதுதான் அந்த டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

அப்படியே எழுந்து நின்றேன். இன்று ஒரு நாள் முதுகை வளைக்காமல் இருந்து பார்ப்போம் என்று தோன்றியது. கிண்ணத்தை மாலாவிடம் கொடுத்தேன். உள்ளே வந்தேன். குளியலறையில் தண்ணீர் பக்கெட்டில், சொம்பு தரையில். கக்கூஸ் பழைய முறை, உட்கார்ந்து எழ வேண்டும். டிபனுக்குத் தரையில் பாய். எதிர் வீட்டில் இட்லிக்கு ஆட்டும் கல் தரையோடு. கோயிலுக்குப் போனால் கொடிமரத்தடியில் எல்லோரும் விழுந்து எழுகிறார்கள். பூக்காரி தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நாம்தான் இறங்கி வாங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள்ளேயே பலமுறை குனிந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் எல்லாமே தரையில் இருக்கிறது. வெலிங்டனில் எல்லாம் மேஜை உயரத்தில். அந்த டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? அவர் கேட்டது என் எலும்பைப் பற்றி. எனக்கோ அது, எந்த ஊரில் வாழப் போகிறாய் என்று கேட்டது போல இருந்தது. கம்பி வைத்துக்கொண்டால் அந்த நாட்டுக்கு ஏற்ற உடம்பாகிவிடும். இந்த ஊருக்கு ஆகாத உடம்பாகவும் ஆகிவிடும். பிறகு சேகர் கட்டும் மேல் மாடி எதற்கு?

அன்று மாலை ரவிக்குப் போன் செய்து, வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றேன். "சரி," என்றார். கொஞ்சம் இருந்து, "நல்லா யோசிச்சியா?" என்றார்.

6

பௌர்ணமி வந்தது. அம்மா மாதம் தவறாமல் மலையைச் சுற்றுகிறவள். "நானும் வரேன்," என்றேன். பள்ளியில் படிக்கும்போது தோழிகளோடு பேசிக்கொண்டே, களைப்பே தெரியாமல் சுற்றிய வழி. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செருப்பு போட்டுக்கினு வராத," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலமே கிளம்பினோம். கூட்டம் இன்னும் சேரவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் எனக்குப் பின்னாலேயே வந்தாள். கொஞ்ச தூரம் நன்றாகப் போனேன். பிறகு வலது விலாவுக்கடியில் குத்த ஆரம்பித்தது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றது. நான் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, எங்களைத் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, தடி ஊன்றிய ஒரு பெரியவர்.

அடி அண்ணாமலையில் நின்றுவிட்டேன். இனி ஒரு அடி வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பேச்சு வர வெகு நேரம் ஆனது. அவள் முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். பிறகு கையை ரவிக்கைக்கு மேலாக என் முதுகில் வைத்தாள். விலா மேட்டில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அதைத் துணியால் மூடியிருக்கிறாள், தொட்டதில்லை.

"மூச்சு இங்க வரவே மாட்டேங்குது," என்றாள். "இந்தப் பக்கம் அசையவே இல்ல."

"ஆமாம்மா."

"ரோட்ல வரும்போதே கேட்டுச்சு. பின்னாடிதானே வரேன்." டீ வந்தது. அவள் வாங்கி ஆற்றி என்னிடம் கொடுத்தாள். "அன்னிக்கு அந்த டாக்டர் சொன்ன பத்து பேருல நீ இருந்துட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன். இப்பவும் அதே பயம்தான். அது போவாது."

"எனக்கும்தாம்மா."

டீயைக் குடித்தேன். மலை எதிரே இருந்தது. குனிய முடியாமல் இந்த ஊரில் இருப்பது கஷ்டம்தான். ஆனால் இப்படியே விட்டால், இன்னும் சில வருடத்தில் விமானம் ஏறி இங்கே வரவே மூச்சு இருக்காது. தரைக்கு எட்டாமல் போவதற்குப் பயந்து ஊருக்கே எட்டாமல் போய்விடுவேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இது தெளிவாகிவிட்டது. யாரும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

"பண்ணிக்கலாம்னு இருக்கேம்மா," என்றேன்.

அம்மா தரையைப் பார்த்தாள். "எத்தினி நாள் படுக்கணும்?"

"எழுந்து நடக்க வச்சிடுவாங்க. ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு ஆள் வேணும்."

"யாரு குளிப்பாட்டுவாங்க?"

"ரவி இருக்காரு."

"மாப்ள குளிப்பாட்டுவாரா?"

"பண்ணுவாரும்மா."

"அதெல்லாம் வேணாம்," என்றாள். டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "நான் வரேன்."

மிச்ச வழிக்கு ஆட்டோ பிடித்தோம். வீட்டுக்கு வந்ததும் சேகரிடம் அவள்தான் சொன்னாள். மறுநாள் காலை சேகர் மேஸ்திரியை அழைத்து மேல் மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். சமையல் மேடை ஒரு சாண் உயரட்டும், குழாய் எல்லாம் மேலே வரட்டும், வெஸ்டர்ன் டாய்லெட் போடுங்க. "அலமாரி எதுவும் இடுப்புக்குக் கீழ வேணாம்ணா," என்றான். ஏழுமலை ஏன் என்று கேட்கவில்லை. தாரிணிதான் முன்பே சொல்லிவிட்டாளே.

7

2004-இல் அம்மாவுக்கு விசா எடுத்தோம். விசா அலுவலகத்தில் ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பொண்ணுக்கு முதுகுல ஆபரேஷன், நான்தான் பாத்துக்கணும்," என்று மொழிபெயர்ப்பாளரிடம் சத்தமாகச் சொன்னாளாம். ஒரு கூடம் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சேகர் ஆச்சரியமாகச் சொன்னான்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை போனது. கண் விழித்ததும் ஒரு நர்ஸ் காலை அசைக்கச் சொன்னார். வலது கால் அசைந்தது. இடது கால் அசையவில்லை. அந்த ஒன்றிரண்டு நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். அம்மா என் இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் அவள்தான் முதலில் பார்த்தாள். "கட்ட வெரலு ஆடுச்சு," என்றாள். யாரும் நம்பவில்லை. மறுபடி ஆடியது. வார்டில் இருந்த எல்லோரையும் தமிழிலேயே கூப்பிட்டுக் காட்டினாள்.

கால் வந்துவிட்டது. தொடையில் ஒரு கை அகலத்துக்கு மரப்பு மட்டும் தங்கிவிட்டது. பழைய வலி போய், புதிதாக ஒரு விறைப்பு வந்திருக்கிறது. குளிர்காலத்தில் கம்பியே குளிர்வது போல இருக்கும். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நிற்காமல் ஏறுகிறேன். ஏறி முடித்துப் பேசவும் முடிகிறது.

8

அடுத்த வருடம் நால்வருமாக — நான், ரவி, தாரிணி, ஆபரேஷனுக்கு வந்து எங்களோடேயே தங்கியிருந்த அம்மா — திருவண்ணாமலை போனோம். வீடு முடிந்திருந்தது. மேல் மாடியில் நான் தோசை சுட்டேன். மாலாவுக்கு அந்த மேடை உயரம். தினமும் ஏறி வந்து, "எம்மா, கையத் தூக்கித் தூக்கி வலிக்குதுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுப் போவாள். கோலம் அவள் போட்டாள், நான் நின்று புள்ளிக்கணக்கு சொன்னேன். மலையைச் சுற்ற முயலவில்லை. இந்த முறை வேண்டாம், ஒரு வருடம் கழியட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரைக்குக் குனிவது இனி எப்போதும் நடக்காது.

கிளம்பும் நாள் வந்தது. அம்மா இந்த முறை எங்களோடு வரவில்லை. கார் வாசலில் நின்றது. ரவி அம்மாவின் காலில் விழுந்து எழுந்தார். தாரிணி தடாலென்று விழுந்தாள், எழுந்து, "பாட்டி, நீயும் வாங்க," என்றாள். அடுத்து நான். நின்றேன். கைகூப்பினேன். அது போதாது போல இருந்தது. மண்டி போடலாமா என்று முழங்காலை மடித்தேன். சேகர் பதறி, "அக்கா, வேணாம்," என்று தோளைப் பிடித்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அங்கியே நில்லு," என்றாள்.

மேல் மாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சில படி ஏறித் திரும்பிப் பார்த்தாள், என் கை இருக்கும் உயரத்தை அளப்பது போல. போதாதென்று இன்னும் ஒரு படி ஏறினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதத்தையும் படியின் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பத் தொடு," என்றாள்.